சின்னம்மா துடைத்த துவக்கு



இந்த மாதம் ஒரு துவக்கைப் பற்றி எழுதப்போகிறேன். தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட நினைப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். எங்கள் மாதாந்தக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோதே ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்களுக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ மிஸ்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அந்தச் சொல் விழுந்தால் என்னென்ன நினைவுகள் எழும்பும் என்பது எனக்கும் தெரியும். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். இது ஆட்களைச் சுட்ட துவக்கு அல்ல. ஏறக்குறைய அறுபது வருடங்களாக ஒரு குடும்பம் பறவை வேட்டைக்குக் கொண்டு திரிந்த துவக்கு. வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கதையை எனக்குச் சொன்னவர் என் சின்னம்மா. அவர் கனடாவில் வயோதிபர்களை வீட்டில் பராமரிக்கும் வேலை செய்கிறார். முதலில் ரொறன்ரோவில் இருந்தார். மகன் படிப்புக்காகச் சட்பரிக்குப் போனபோது தானும் கூடவே போய்விட்டார். சட்பரி ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில் இருக்கும் நிக்கல் சுரங்க நகரம். நகரத்தைத் தாண்டினால் ஏரியும் பாறையும் காடும்தான். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்வது. மனைவி இறந்துவிட்டார். மகள் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார். பெரியவருக்குக் கை நடுக்கம், நடை தளர்வு. மற்றும்படி வாய்க்கு ஒரு குறையும் இல்லை என்பார் சின்னம்மா.

வேலைக்குப் போன முதல் நாள் சாப்பாட்டு அறைச் சுவரில் அந்தத் துவக்கைக் கண்டதும் சின்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டாராம். விசையில் பூட்டுப் போட்டிருந்தது. தோட்டாக்கள் வேறொரு பெட்டிக்குள் பூட்டியிருந்தன. அந்த நாட்டில் துவக்கு வைத்திருப்பவர்கள் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துச் சோதனையில் சித்தியடைய வேண்டும். இதெல்லாம் சின்னம்மாவுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவர் கதிரையை மாற்றிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டியபடி இருந்துதான் பெரியவருக்குச் சாப்பாடு கொடுத்தார். இரண்டு மாதம் அப்படியே போனது.

"சாமான் பூட்டித்தான் கிடக்குது எண்டு தெரியும் பிள்ளை. ஆனா முதுகுக்குத் தெரியாதே" என்று ரெலிபோனில் சொன்னார். சமூகவியல் படித்த நான் உளத்தாக்கம் பற்றி எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் குறிப்பெடுத்திருக்கிறேன். இவ்வளவு சரியாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

அந்தத் துவக்கு விலை கூடிய சாமான் ஒன்றுமில்லை. ஒன்ராறியோவிலேயே கோபர்க் என்ற ஊரில் கூயி என்ற தொழிற்சாலை செய்த ஒற்றைக்குழல் சொட்கன், 84ஆம் இலக்க மாதிரி. 1961இல் அந்தத் தொழிற்சாலையை வின்செஸ்டர் துவக்குகளைச் செய்யும் கம்பனி வாங்கியது. 1979இல் கூயித் துவக்குகள் செய்வது நின்றுபோனது. அந்தக் காலத்தில் கமக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் வாங்கக்கூடிய மலிவான துவக்கு அது. எங்கள் வீடுகளில் மண்வெட்டியும் கோடரியும் இருந்தது போல அங்கே பல வீடுகளில் ஒரு கூயி இருந்தது. பெரியவர் 1962இல் தன் சுரங்கச் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார். நடுவில் மடித்துத் திறந்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். வெடிக்க முன்னர் பின்னால் இருக்கும் குதிரையைப் பெருவிரலால் இழுத்து ஏற்ற வேண்டும். ஒரு வெடி வைத்தால் திறந்து அடுத்ததைப் போடும்வரை வேறு வெடி இல்லை.

அந்தக் குடும்பம் அதைக்கொண்டு வேட்டையாடியது கிரௌஸ் என்ற பறவையை. கோழி இனம்தான். எங்கள் கௌதாரிக்குப் பெரிய தமக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கத்தை ஆட்களும் அதைக் கௌதாரி என்ற கருத்துள்ள சொல்லால்தான் கூப்பிடுவார்களாம். காய்ந்த இலையின் நிறம், கழுத்தின் இரு பக்கமும் கறுத்த இறகுக் கொத்து, விசிறி போல விரியும் வால். நிறை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சூடான நாட்டுக்கு அது போகாது. மற்றப் பறவைகள் தெற்கே பறந்த பிறகும் பனிக்காட்டிலேயே இருந்துவிடும். குளிர்காலம் வந்தால் அதன் கால்விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல்லு மாதிரிச் சிறு முளைகள் வளரும். பனியில் புதையாமல் நடக்க அது உதவுகிறது. இளவேனிலில் அவை உதிர்ந்துவிடும். இரவில் குளிர் கடுமையானால் மெத்தென்ற பனிக்குள் பாய்ந்து புதைந்து, உள்ளேயே படுத்துக்கொள்ளும். இதைக் கேட்டபோது எனக்குப் பங்கர் ஞாபகம் வந்தது. சின்னம்மாவுக்கும் அதுதான் வந்ததாம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

சேவல் இளவேனிலில் விழுந்துகிடக்கும் மரக்குற்றியில் ஏறி நின்று சிறகை அடிக்கும். குற்றியில் அடிப்பதில்லை, காற்றைத்தான் அடிக்கிறது. முதலில் ஒவ்வொன்றாக, பிறகு விரைந்து விரைந்து, ஒரே உறுமலாய் முடியும். முதல் தடவை அதைக் கேட்ட சின்னம்மா, காட்டுக்குள் யாரோ லான்ட்மாஸ்டரை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்க்கிறார்கள், அது பிடிக்குதில்லை என்று நினைத்தாராம். பெரியவருக்கு லான்ட்மாஸ்டர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. இருவருக்கும் இடையில் உண்டான முதல் சிரிப்பு அதுதான்.

வேட்டைக் காலம் செப்டெம்பர் நடுவில் தொடங்கும். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து பறவைக்கு மேல் சுடக்கூடாது. சுட்டதை விற்கவும் முடியாது, வீட்டுக் கறிக்கு மட்டும்தான். இந்தக் கட்டுப்பாடுகள் சும்மா வந்தவை அல்ல. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் வானத்தை மறைக்கிற கூட்டமாகப் பறந்த பயணிப் புறாவைச் சந்தைக்காகச் சுட்டுச் சுட்டே முடித்தார்கள். கடைசிப் புறா 1914இல் ஒரு மிருகக்காட்சிச்சாலைக் கூட்டில் செத்தது. கிரௌஸ் பறவையின் தொகையும் வட பகுதிகளில் ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். குறைந்த வருடங்களில் பெரியவரும் மனைவியும் துவக்கைக் கொண்டுபோவார்களாம், ஆனால் தோட்டா போடமாட்டார்கள். பிறகு எதற்குக் கொண்டுபோனீர்கள் என்று சின்னம்மா கேட்டிருக்கிறார். "கை வெறுமையாக இருந்தால் நடக்கத் தெரியவில்லை" என்றாராம்.

பழைய மரம் வெட்டும் பாதைகளில்தான் நடப்பார்கள். வெட்டின இடத்தில் இளம் பொப்லர் மரங்களும் பேர்ச் மரங்களும் நெருக்கமாக முளைத்திருக்கும். பறவை பாதைக்கு வருவது பொடிக்கல் கொத்த. கோழிக்கு இரைப்பையில் கல் வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. நீங்கள் நடக்கும்போது அது அசையாமல் கிடக்கும். காலடியில் மிதிபடப் போகிற தூரம் வரும்வரை கிடந்துவிட்டு, படபடவென்று இடி மாதிரி எழும்பும். மரங்களுக்குள் மறைய ஒன்று இரண்டு செக்கன்தான். அதற்குள் குதிரையை ஏற்றி, தோளில் வைத்து, சுட வேண்டும். அநேகமான தடவைகளில் கை ஏறும் முன்னரே பறவை போய்விடும். ஏற்றிய குதிரையைப் பெருவிரலால் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டுத் திரும்பவும் நடப்பார்கள்.

பாதையில் நின்று கல் கொத்துகிற பறவையைச் சுடுவது மிக இலகு. பலர் வாகனத்தில் மெதுவாகப் போய் அப்படித்தான் சுடுகிறார்கள். பெரியவரின் வீட்டில் அது தடை. பறக்கிறதைத்தான் சுடலாம். இந்த இடத்தில் நான் பல்கலைக்கழகத்தில் வாசித்த ஒருவரைச் சொல்ல வேண்டும். அல்டோ லியோபோல்ட் என்று அமெரிக்காவில் வனவிலங்குப் பேராசிரியராக இருந்தவர், 1948இல் அயலவர் காணியில் பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில் இறந்தார். அடுத்த வருடம் வெளியான அவருடைய புத்தகத்தில் தன் சிறுவயது பற்றி எழுதியிருக்கிறார். தகப்பன் அவருக்கு ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றைக் கொடுத்து, இந்தப் பறவையை வேட்டையாடலாம், ஆனால் மரத்தில் இருக்கும்போது சுடக்கூடாது என்று சொன்னாராம். அவருடைய நாயோ பறவையை மரத்தில் ஏற்றிவிடுவதில் கெட்டிக்கார நாய்! கைக்கு எட்டியதை விட்டுவிட்டு, பறந்துபோகிறதைச் சுட்டுத் தவறவிட்ட அந்தப் பிள்ளைக்கு, ஒழுக்கம் என்பதன் முதல் பாடம் அதுதான். அவருடைய மனைவி எஸ்டெல்லா வில்வித்தையில் வல்லவர் என்பதையும் பெண்கள் இதழ் என்றபடியால் சேர்த்துவிடுகிறேன்.

எனக்கு இந்த நியாயம் முழுதாக ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாகப்போகிற பறவைக்கு இருந்து செத்தாலென்ன, பறந்து செத்தாலென்ன? பசிக்கு வேட்டையாடினவர்களின் வீட்டில் இந்தத் தடை இருந்திருக்காது. என் அம்மப்பா வீட்டில் இருக்கவில்லை.

ஆம், எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒட்டுசுட்டான் பக்கம் அம்மப்பாவுக்கு வயல். பன்றிக்காவலுக்கு என்று அனுமதிப்பத்திரத்துடன் ஒரு சொட்கன் வைத்திருந்தார். பன்றி வராத நாட்களில் காட்டுக்கோழி வந்ததாகவும் கேள்வி. (இன்று காட்டுக்கோழி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை, சுடுவது குற்றம். அம்மப்பா காலமாகிவிட்டபடியால் எழுதுகிறேன்.) அந்தத் துவக்கின் சோங்குக்குத் தேங்காய் எண்ணெய் பூசித் துடைப்பது வீட்டின் கடைசிப் பெண்ணான சின்னம்மாவின் வேலை. 80களில் ஒருநாள் அது வீட்டைவிட்டுப் போனது. யார் வந்து கேட்டார்கள், எப்படிப் போனது என்று அம்மப்பா ஒருபோதும் சொன்னதில்லை. அது இருந்த மூலையில் பிறகு குடை சாத்தினார்கள்.

சரி, இனித்தான் தேய்மானத்துக்கு வருகிறேன். 2019 இலையுதிர்காலத் தொடக்கத்தில் பெரியவரின் மகள் அந்தத் துவக்கைச் சுவரிலிருந்து இறக்கினார். அவருடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. வேட்டைப் பயிற்சி முடித்திருந்தாள். ஒன்ராறியோவில் பன்னிரண்டு வயதிலிருந்து பிள்ளைகள் அனுமதியுள்ள பெரியவருடன் பழகுநராகப் போகலாம். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே துவக்குத்தான். பிள்ளை பிடித்திருந்தால் பெரியவர் கை வெறுமை, பெரியவர் பிடித்திருந்தால் பிள்ளை கை வெறுமை. பேத்திக்குப் பாட்டனின் துவக்கைக் கொடுப்பது, அதற்கு முன்னர் அதைப் புதிதுபோல ஆக்குவது என்று மகள் முடிவெடுத்திருந்தார். தேய்ந்த இரும்புக்கு மறுபடி நீலம் ஏற்றுவது, மரத்தை அரத்தாள் போட்டு உரஞ்சிப் புது வார்னிஷ் அடிப்பது எல்லாம் துவக்குத் திருத்துபவரிடம் சொல்லி வைத்தாயிற்று. கொண்டுபோக முதல் நாள் மேசையில் பழைய துணி விரித்துத் துவக்கை வைத்தார்கள். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை திறந்து பார்த்தார்கள். பெரியவரின் கை நடுங்கியது. மகள் சின்னம்மாவைப் பார்த்து, துடைக்க உதவுவீர்களா என்று கேட்டார். அனுமதிப்பத்திரம் உள்ள மகள் பக்கத்திலேயே இருந்தபடியால் அதில் சட்டப் பிழை இல்லை.

"எனக்கு மாட்டன் எண்டு சொல்ல வாய் வந்தது. கை போட்டுது" என்றார் சின்னம்மா.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியை வாங்கிச் சோங்கின் அடியிலிருந்து மேல்நோக்கித் துடைத்தாராம். அறுபது வருடத்துப் பழக்கம் உள்ளவர் போல அவர் துடைத்ததைப் பார்த்துப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒவ்வொரு தேய்வையும் காட்டத் தொடங்கினார்.

துவக்கின் இரும்புக்குக் கருநீலமாக ஒரு தோல் உண்டு, துரு பிடிக்காமல் இருக்க ஏற்றுவது. அது வெடித்துத் தேய்வதில்லை, கை பட்டுத்தான் தேயும். துவக்கைத் திறந்து கையில் தொங்கவிட்டு நடக்கும்போது பாரம் சமமாக நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் நீலம் முழுதும் போய் வெள்ளிக்காசு போல இரும்பு மினுங்கியது. குதிரையின் தலையில் பெருவிரல் வழுக்காமல் இருக்கப் போட்டிருந்த கோடுகள் அழிந்து மழமழவென்று ஆகியிருந்தன. ஏற்றி வெடித்ததை விட, ஏற்றிவிட்டு இறக்கியதால் தேய்ந்ததுதான் கூட என்றார் பெரியவர். சோங்கின் மேற்பக்கத்தில் கன்னம் படும் இடம் கறுத்து மெருகேறியிருந்தது. இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மரம் எண்ணெய் குடித்து மெதுவாகிப்போயிருந்தது. அது கவலையீனத்தால் வந்த பழுது. எண்ணெய் போட்ட துவக்கை வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து மரத்துக்குள் இறங்கும். தலைகீழாகச் சாத்த வேண்டும் என்பதை அவர் பத்து வருடம் பிந்தித்தான் படித்தாராம்.

பிறகு குழலின் கீழே இருக்கும் முன்பிடியைக் காட்டினார். அதில் ஒரு தேய்வு இடது கையால் பிடிக்கிற வழமையான இடத்தில் இருந்தது. அதற்கு நாலு விரல்கடை முன்னால், குழலோடு ஒட்டி, இன்னொன்று. அகலம் குறைந்தது. "இது என்னுடையதில்லை" என்றார்.

அது அவருடைய மனைவியுடையது. உயரம் குறைந்தவர். அவருக்குச் சோங்கு நீளம், துவக்கு முன்பாரம். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால்தான் தாங்கும். அவர்கள் வீட்டில் ஒரு துவக்குத்தான் இருந்தது. ஒரு ஞாயிறு அவர், மறு ஞாயிறு மனைவி. பிள்ளைகள் பின்னால் புளூபெரிப் பழம் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். மனைவிதான் நன்றாகச் சுடுபவர் என்று பெரியவர் சொன்னதும், இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியாதே என்று மகள் சொன்னாராம். அவருக்கு அம்மாவைப் பற்றி ஞாபகம் இருந்ததெல்லாம் சட்டியில் இறைச்சி பொரித்தது மட்டும்தான். தானே பின்னால் பழம் பிடுங்கிய பிள்ளை, முன்னால் துவக்கோடு நடந்த அம்மாவை மறந்திருக்கிறார். வேட்டை ஆணின் வேலை, சமையல் பெண்ணின் வேலை என்று சமூகம் வகுத்து வைத்திருப்பது எங்கள் நினைவைக்கூட வெட்டித் திருத்திவிடுகிறது. இரும்புக்கு அந்த வகுப்புத் தெரியாது, பிடித்த கையைப் பதிந்து வைத்திருந்தது.

நீலம் ஏற்றி வார்னிஷ் அடித்தால் அந்த இடம் போய்விடும்.

இந்தக் கதையைச் சின்னம்மா எனக்குச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வாரம் நான்தான் அவரிடம் ஒன்றைச் சொல்லி அழுதேன். எங்கள் குழுவில் ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய சம்மதத்துடன், ஊரும் பேரும் இல்லாமல் எழுதுகிறேன். கணவர் 2009இலிருந்து இல்லை. எங்கே என்று இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2006இல் பாதை மூடுவதற்கு முன்னர் அவர் வவுனியாவில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்த சைக்கிள் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. மீள்குடியேறிய பின்னர் அதை எடுத்துவந்து வைத்திருந்தார். அவர் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, வாழ்வாதார உதவியில் அந்தச் சைக்கிளைத் திருத்திக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். ரயர், செயின், பிரேக் எல்லாம் புதிதாகப் போட்டோம். கடைக்காரர் நல்ல மனதோடு இருக்கையையும் கைப்பிடி இறப்பரையும் காசு வாங்காமலே மாற்றி, பெயின்ரும் அடித்து அனுப்பினார். கையளிப்பில் அந்தச் சகோதரி சிரித்தார். படமும் எடுத்தோம். அந்தப் படம் எங்கள் அறிக்கையில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோதுதான் சொன்னார். வலது கைப்பிடி இறப்பரில் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம் இருந்ததாம். இரவில் மகன் படுத்த பிறகு அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்ப்பாராம். "அவற்றை கை பெரிசு மிஸ். என்ரை விரல் அதுக்குள்ள ஆடும்" என்றார். சைக்கிள் திரும்பி வந்த அன்றே பின்னேரம் கடைக்குப் போய்க் குப்பைக் கும்பத்தைக் கிளறியிருக்கிறார். அதற்கு முதல் நாள்தான் கொளுத்தினார்களாம். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் நல்லதுதானே செய்தனீங்கள்" என்றார்.

தேவை மதிப்பீட்டுப் படிவத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது! சொத்து விபரம், பழுதின் அளவு, மதிப்பிட்ட செலவு. இதில் எதை மாற்றக்கூடாது என்று கேட்க ஒரு வரி இல்லை. அந்தப் படிவத்தை நிரப்பிய நானும் வாயால் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வீடு திருத்தப் போகும் இடத்திலும், தையல் மெசின் திருத்தும் இடத்திலும் கேட்கிறேன். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். ஒரு அம்மா கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடுகளைக் காட்டி, இதற்கு மேல் பெயின்ற் அடிக்க வேண்டாம் என்றார்.

பெரியவர் வீட்டுக்கு வருவோம். துவக்கைத் திருத்தாமலே விட்டுவிடுவதும் சரியில்லை. குழலும் உடலும் மடிகிற பிணைச்சல் தேய்ந்து, மூடிய பின்னும் ஆட்டம் காட்டியது. அந்த இடைவெளியோடு வெடித்தால் தோட்டாவின் அடி பிளந்து வாயு பின்பக்கம் வரலாம், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கவே முடியாது. அன்று இரவு தகப்பனும் மகளும் சத்தம் போட்டுக் கதைத்தார்களாம். திருத்தினால் முழுக்கத் திருத்த வேண்டும், பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான் இப்படிக் கிழடு தட்டியா இருப்பது என்று மகள். பிணைச்சலை மட்டும் பார், மற்றதைத் தொடாதே என்று பெரியவர். சின்னம்மாவிடம் கேட்டபோது அவர் தன் தகப்பனின் துவக்கைப் பற்றி முதல் தடவையாக அந்த வீட்டில் சொன்னார். அதில் அவருடைய கன்னம் பட்ட இடம் எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை, துடைத்த எனக்கே ஞாபகமில்லை என்றாராம். மகள் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் துவக்குத் திருத்துபவருக்கு ரெலிபோன் எடுத்து, பிணைச்சல் மட்டும் என்று சொல்லிவிட்டார். மெதுவாகிப்போன மரத்தில் எண்ணெயை உறிஞ்சி எடுத்து இறுக்கவும் சொன்னார். அதற்குப் பெரியவர் சம்மதித்தார், அது தன்னுடைய கவலையீனம்தானே என்று.

துவக்கு திரும்பி வந்தபோது ஒக்டோபர் தொடங்கிவிட்டது, இலையும் பாதி கொட்டிவிட்டது. அப்படி இலை கொட்டினால்தான் பறவை கண்ணுக்குத் தெரியும் என்பதால் நேரம் நல்லதுதான். அந்தச் சனிக்கிழமை மகளும் பேத்தியும் போனார்கள். பெரியவரால் காட்டுப்பாதையில் நடக்க முடியாது. வாகனத்துக்குள் போர்வை போர்த்துக்கொண்டு கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு இருந்தார். சின்னம்மா பக்கத்தில், தேர்மஸ் போத்தலில் பிளேன் ரீயுடன். ஒரு வெடிச்சத்தம் கேட்டால் தனக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் இருந்தாராம். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், ஏன் போனீர்கள் என்று கேட்டேன். பெரியவருக்குத் தனிய இருக்கேலாது, அது என்ரை வேலை என்றார்.

இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு தடவை தூரத்தில் படபடவென்று பறவை எழும்பிய சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் கையை உயர்த்தி, விரலை மடித்து எண்ணினார். ஒன்று, இரண்டு. வெடி கேட்கவில்லை. "பிந்திவிட்டாள்" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அந்த வருடம் அவர்களுக்கு ஒரேயொரு பறவைதான் கிடைத்தது, அதுவும் நவம்பரில். சின்னம்மா பாதியை எங்கள் முறையில் வறுத்த தூள் போட்டுக் காய்ச்சினார். கொழுப்பில்லாத வெள்ளை இறைச்சி, கொஞ்சம் கூட வேகவிட்டால் தும்பாகிவிடும் என்கிறார். ஈயச் சன்னம் ஒன்று பல்லில் கடிபட்டது. கிரௌஸ் வேட்டைக்கு அங்கே ஈயச் சன்னம் இன்னும் தடைசெய்யப்படவில்லை. காட்டு வாத்து போன்ற இடம்பெயரும் பறவைகள் பெரும்பாலானவற்றுக்கு மட்டும் 1999இலிருந்து தடை. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. ஆகவே வெடி இறைச்சி எங்கே சாப்பிட்டாலும் சன்னம் பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டுச் சமையுங்கள்.

கூட்டத்தில் முகத்தைத் திருப்பிய அந்த அம்மா கதையை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்கடை ஊரிலை கட்டுத்துவக்கு வெடிச்சுக் கால் போனவன் இருக்கிறான், அதையும் எழுதுங்கோ" என்றார். எழுதத்தான் வேண்டும். பன்றிக்கு வைக்கும் பொறியில் மனிதர் மாட்டுவது பற்றி வேறொரு மாதம் எழுதுகிறேன்.

சின்னம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமை பேத்தி துவக்கை எந்த இடத்தில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனாள், பாட்டன் பிடித்த இடத்திலா, பாட்டி பிடித்த இடத்திலா?

"கையுறை போட்டிருந்தவள் பிள்ளை. எனக்குத் தெரியேல்லை" என்றார்.